செடிக்கு இடும் போர்வை அறமாகுமா?

பனி விழும் இரவில் தோட்டத்துச் செடியின்மேல் ஒரு பழந்துணியைப் போர்த்துகிறோம். இஃது உயிரிரக்கமா, உடைமைப் பற்றா? கேட்பதற்கு எளிய வினாவே. ஆயினும் நம் அறநூல்கள் கூறும் அகிம்சையின் பல நுட்பங்கள் இச்சிறு வினாவுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. நீலகிரி மாவட்டத்தில் பணி நிமித்தம் வாழும் நம் சமூகத்தார் சிலர் இதனை என்னிடம் கேட்டதுண்டு. விதைத்தவன் காப்பான் என்று சொல்லிவிட்டு அகன்றுவிடலாம். ஆனால் காப்பதற்கென்று நாம் செய்யும் செயல்களே பிற உயிர்களுக்கு ஊறு விளைக்குமாயின், அப்பொழுது என்ன சொல்வது?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நமக்கு உறைபனி என்பது படத்தில் கண்ட காட்சியே. சென்னையில் பதிவாகிய மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அவ்வளவு இறங்கியதாகக் குறிப்பு உண்டு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வது தலையில் துணி கட்டிக்கொள்வதற்காகத்தான். எந்தச் செடியும் இங்கே பனியால் கருகியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தின் நிலை வேறு. அங்கு ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் அதுவே உறைபனியாகும். காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருக்கும். காண்பதற்கு அழகுதான். வெயில் ஏறியபின் அதே புல் பழுப்பேறிச் சாய்வதைக் கண்டால் அவ்வழகு மறந்துபோகும்.

இது நிகழும் முறையை முதலில் அறிதல் வேண்டும். அறியாமல் காட்டும் இரக்கம் பல நேரங்களில் தீங்காகவே முடிகிறது. பகலில் நிலம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. இரவில் அவ்வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் நின்று வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவில் தடுப்பார் எவருமில்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர்போல் வழிந்து தேங்கும். ஆதலால் மேட்டிலுள்ள தோட்டம் தப்பிக்கும். நூறு அடி கீழே பள்ளத்திலுள்ள தோட்டம் கருகும். இலையின் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட நீர் உறைந்து படிகமாகும்போது, அஃது அணுக்களின் உள்ளிருக்கும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. அணுக்கள் நீரிழந்து சுருங்கிச் சிதைகின்றன. தீயிற் பட்டதுபோல் இலை கறுப்பது இதனால்தான். குளிரால் நேர்ந்ததை ஊரார் ‘கருகல்’ என்றே சொல்கின்றனர். சொல் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

1848 இல் தொடங்கப்பெற்ற உதகை அரசு தாவரவியல் பூங்காவில் ஆண்டுதோறும் இக்காலத்தில் நடைபெறும் பணி குறிப்பிடத்தக்கது. மே மாத மலர்க்காட்சிக்கென்று நட்டு வளர்க்கும் இளஞ்செடிகளின்மேல், அப்பகுதியார் ‘கோத்தகிரி மிலார்’ என்று வழங்கும் செடியின் கிளைகளை வெட்டிக்கொணர்ந்து கூடாரம்போல் செருகி வைப்பர். இப்பொழுது நிழல்வலையும் நெகிழித் தாளும் சேர்ந்துகொண்டன. காலையில் வெயில் விழுவதற்கு முன்னரே புல்வெளியின்மீது தெளிப்பான்களால் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பர். தேயிலை பயிரிடும் சிறு விவசாயிகள் காய்ந்த புல்லையும் பெரணித் தழையையும் தேயிலைச் செடிகளின்மேல் பரப்புவர். உறைபனி கடுமையாகத் தாக்கினால் பல வாரங்களுக்குப் பறிப்பதற்குக் கொழுந்து இராது. கொழுந்து இல்லையேல் கூலியும் இல்லை.

இனி, செடி குளிரை உணருமா என்னும் வினாவுக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் உயிர்ப்பாகுபாட்டை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், செடிக்குக் குளிருமா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனெனில் அக்குழந்தை கேட்டதைக் காட்டிலும் சரியான வினாவைக் கேட்டல் அரிது. நம் ஆகமம் செடிகொடிகளை ஓரறிவுயிர் என்கிறது. தொல்காப்பியரும் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுடையனவாகவே வைத்தார். அவ்வோரறிவு யாது? உற்றறிதல். தொடு உணர்வு ஒன்றே அதற்கு உண்டு. நாக்கு இல்லை, மூக்கு இல்லை, கண் இல்லை, செவி இல்லை. அத்தொடு உணர்வால் அறியப்படுவனவற்றை ஆகமம் எட்டாகப் பிரிக்கிறது: மென்மை, வன்மை, நொய்ம்மை, கனம், பசைமை, வறட்சி ஆகிய இவற்றுடன் தண்மையும் வெம்மையும் அடங்கும். மாணவிக்கு நான் கூறிய விடை இதுவே. செடியிடம் இசையைப் பாடினால் கேட்குமா என்று ஐயுறலாம். வண்ணத்தைக் காட்டினால் காணுமா என்று ஐயுறலாம். ஆனால் குளிரும் வெப்பமும் அதனிடமுள்ள ஒரே பொறிக்கு நேரே உரியவை. அதற்கென்று இருப்பது ஒற்றை வாயில். அவ்வாயிலின் வழியாகத்தான் பனி நுழைகிறது.

ஜகதீச சந்திர போஸ் 1901 இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தாவரங்களின் மின் துலங்கலைச் செய்து காட்டியதை நம் பேச்சாளர்கள் மேடைதோறும் எடுத்துரைக்கின்றனர். எடுத்துரைப்பதில் தவறில்லை. எனினும் அறிவியல் கருவி ஒன்று சான்று தந்தபிறகே செடிக்கு இரங்குவோம் என்னும் நிலை நமக்கு வேண்டுவதில்லை. நம்மைப்போல் அது வலியை உணர்கிறது என்று ஆகமம் கூறவில்லை. தொடு உணர்வு, உடல் வலிமை, மூச்சு, ஆயுள் என்னும் நான்கு பிராணன்கள் அதற்கு உண்டு என்றே கூறுகிறது. பனி இந்நான்கையும் ஒரே இரவில் பறிக்கவல்லது. இரங்குவதற்கு இவ்வளவு போதாதா?

இங்கு முதல் தடை எழுகிறது. பனி கொல்கிறது, நான் கொல்லவில்லை. அவ்வுயிரின் ஆயுட்கருமம் அவ்வளவே என்றிருந்தால், இடையே புகுந்து தடுக்க நான் யார்? கொல்லாமை என்பது நான் கொல்லாதிருத்தல். பிறர் கொல்வதையும் இயற்கை கொல்வதையும் தடுத்தல் அதனுள் அடங்குமா? இதனை வெற்று வாதமென்று தள்ளிவிட முடியாது. 1760 இல் இராஜஸ்தானத்தில் சுவேதாம்பர தேராபந்த மரபைத் தோற்றுவித்த ஆசாரிய பிக்ஷு, உலகியல் அருள் வேறு, வீடுபேற்றுக்குரிய அருள் வேறு என்று கடுமையாகப் பிரித்துக் காட்டினார். ஓருயிரின் உடலைச் சாவிலிருந்து மீட்பது உலகியல் அருளே, அதனை ஆன்ம அறத்தோடு கலக்கலாகாது என்பது அவர் கொள்கை. அவருடைய காலத்திலேயே இதனை மறுத்தவர்கள் பலர். இன்றும் அவ்விவாதம் ஓயவில்லை.

அவருடைய பிரிவினையில் ஓர் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். செடியைப் போர்த்தினால் கருமம் அறுந்து வீடு கிட்டிவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. ஆனால் நாம் இல்லறத்தார். உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில், உயிர்களிடத்துக் காட்டும் அனுகம்பையை நல்வினை வந்து சேர்வதற்குரிய வாயில்களுள் ஒன்றாக வைத்துள்ளார். நற்காட்சி பெற்றவனின் அடையாளங்களாக நம் ஆசாரியர்கள் கூறும் நான்கனுள்ளும் அனுகம்பை ஒன்று. அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும்: பிறிதோருயிர் நடுங்கும்போது உடன் நடுங்குதல் என்பதே அது. நடுங்கிய நெஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு ‘கருமம்’ என்று சொல்லி உறங்கப் போகுமா? செடியின் கருமத்தைப் பற்றி அறியோம். அருகில் துணியோடு நிற்கும் நம்முடைய கருமம் அவ்வேளையில் ஆக்கப்படுகிறது என்பதை மட்டும் அறிவோம்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. காப்பதற்காக என்ன செய்கிறோம்? மலர்க்காட்சிக்குரிய அயல்நாட்டு மலரைக் காக்கக் காட்டிலுள்ள மிலார்ச் செடியின் கிளைகளை வெட்டுகிறோம். இரண்டும் ஓரறிவுயிரே. ஒன்றுக்குப் போர்வை, மற்றொன்றுக்கு அரிவாள்! சிலர் தோட்டத்தின் ஓரத்தில் சருகைக் குவித்துத் தீ மூட்டிப் புகை எழுப்புகின்றனர். நம் கொள்கைப்படி தீயும் ஓருடலுயிர். சருகினுள் ஒதுங்கியிருக்கும் பூச்சிகளோ ஈரறிவும் மூவறிவும் அதற்கு மேலும் உடையன. ஓரறிவைக் காக்க நாலறிவை எரிப்பது எந்தக் கணக்கில் சேரும்? நீர் தெளித்தலிலும் நீருடலுயிர்க்கு ஊறு உண்டு. அதுமட்டுமன்று. வட்டகேரரின் மூலாசாரம் நீருடலுயிர்களை வகைப்படுத்தும்போது பனியையும் மூடுபனியையும் அவற்றுள் வைத்தே எண்ணுகிறது. கொல்ல வந்ததென்று நாம் பழிக்கும் அப்பனித்துளியும் உயிர்தான். இந்த இடத்தில் நம் சமயம் காட்டும் நேர்மையை நான் வியக்கிறேன்: பகைவன் என்று சுட்ட ஒருவரையும் அது விட்டுவைக்கவில்லை.

அப்படியானால் கையை அசைக்கவே இயலாதே என்று மலைக்க வேண்டா. துறவியர்க்கு மகாவிரதம், நமக்கு அணுவிரதம். இயங்கும் உயிர்களை எண்ணிக் கொல்லாமை நம் விரதம். நிற்கும் உயிர்களிடத்தில் தேவைக்கு மிஞ்சிய ஊறு செய்யாமை நம் கடமை. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல் என்னும் குணவிரதத்தை அருங்கலச்செப்பு முதலிய நம் தமிழ் நூல்களும் வற்புறுத்துகின்றன. காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடியைக் கிள்ளுதல் ஆகியவை அவ்விரதத்திற்கு மாறானவை. பேருந்துக்குக் காத்து நிற்கும்போது வேலியோரத்து இலையைப் பறித்துப் பறித்துப் போடும் பழக்கம் பெரியவர்களிடமும் உண்டு. வகுப்பறையைக் காட்டிலும் பேருந்து நிறுத்தத்தில்தான் அறம் நடத்த வேண்டியிருக்கிறது.

நம் ஆசாரியர்கள் இம்சையை அளக்கும் கோல், இறந்த உயிரின் எண்ணிக்கை அன்று, செய்தவனின் பிரமாதம். பேச்சுவழக்கில் ‘பிரமாதம்’ என்றால் மிக நன்று என்று பொருளாகிவிட்டது. நூல்வழக்கில் அது விழிப்பின்மை, அசட்டை. குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இதனைத் தெளிவாக்கினார்: விழிப்பின்றி நடப்பவனுக்கு உயிர் இறந்தாலும் இறவாவிடினும் இம்சை உண்டு, விழிப்போடு நடப்பவனை நேர்ந்த உயிர்க்கேடு மட்டும் பிணிப்பதில்லை. பொன்னூர் மலையில் அவர் திருவடியை வணங்கித் திரும்பும் நாம் இக்கருத்தையும் உடன் கொண்டுவருதல் நலம். பனிக்கால இரவுக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் வழி தானே புலப்படும். வீட்டிலிருக்கும் பழைய பருத்தித் துணி, சணல் சாக்கு, தாமே உதிர்ந்த சருகு, அறுவடைக்குப்பின் எஞ்சிய வைக்கோல் ஆகிய இவற்றால் போர்த்துவதில் புதிய கொலை இல்லை. சருகையும் வைக்கோலையும் எடுக்குமுன் உதறிப் பார்த்து, உள்ளே ஒதுங்கிய சிற்றுயிரை விலக்கிக்கொள்ள வேண்டும். மிலாரை வெட்டித்தான் தீர வேண்டும் என்பதில்லை. நிழல்வலை வந்தபின் அதற்குத் தேவை குறைவே. தீ மூட்டுதல் வேண்டவே வேண்டா.

விழிப்பு என்பது செய்முறையறிவையும் உள்ளடக்கியது. போர்வை செடிக்குச் சூடு தருவதில்லை. நிலம் விடும் சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. ஆகவே துணியைத் தண்டோடு சேர்த்துக் குடைபோல் கட்டினால் பயனில்லை. தரைவரை தொங்கவிட்டு ஓரங்களில் கல் வைக்க வேண்டும். முன்னாள் பகலிலேயே மண்ணுக்கு நீர் ஊற்றினால், ஈரமண் காய்ந்த மண்ணைக் காட்டிலும் மிகுந்த வெப்பத்தைப் பிடித்து வைத்திருந்து இரவில் தரும். நெகிழித் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். இவை எல்லாவற்றிலும் முதன்மையானது, விடிந்தபின் போர்வையை நீக்குதல். நெகிழியைப் பகலிலும் அப்படியே விட்டால் உள்ளே வெப்பம் ஏறி, குளிருக்குத் தப்பிய செடி வெம்மையில் வெந்துபோகும். இரவெல்லாம் காத்துப் பகலில் கொல்லும் இவ்வன்பை என்னவென்று சொல்வது? மேலைநாட்டுப் பழத்தோட்டங்களில் இரவு முழுவதும் நீரைத் தெளித்துக்கொண்டே இருக்கும் முறை ஒன்றுண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் மொட்டைக் காக்கிறது. ஆனால் தெளிப்பு நடுவில் நின்றால் ஒன்றும் செய்யாதிருந்ததைவிடக் கேடு மிகும். வீட்டுத் தோட்டத்திற்கு அது பொருந்தாது. நீரைச் செலவிடும் அளவும் நம் விரதத்திற்கு ஒத்துவராது.

மூன்றாவது தடை பற்று பற்றியது. ‘என் ரோஜா’, ‘என் தோட்டம்’ என்னும் எண்ணமே பரிக்கிரகம். பக்கத்து வீட்டுச் செடி கருகினால் நாம் எழுந்து ஓடுவதில்லையே! இத்தடையில் பாதி உண்மை உண்டு. ஆனால் மறுபாதியைச் சிந்திப்பவர் குறைவு. கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களாக நூல்கள் ஐந்தைக் கூறுகின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிய சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். மாட்டையும் பணியாளரையும் மனத்திற்கொண்டு கூறப்பெற்றவை இவை. தொட்டியில் வளரும் செடிக்கும் இவற்றை நீட்டிப் பொருள்கொள்ளலாம் என்பது என் கருத்து. நூலில் அவ்வாறு உள்ளதென்று நான் கூறவில்லை. காட்டில் முளைத்த செடி தன் வேரை வேண்டிய ஆழத்திற்கு இறக்கி நீர் தேடிக்கொள்ளும். குளிருக்குத் தாங்காத இனம் குளிரும் பள்ளத்தில் முளைப்பதே இல்லை. நீலகிரியின் சோலைக் காடுகளை அடுத்துள்ள திறந்த புல்வெளிகளில் சோலை மரக்கன்றுகள் எளிதில் நிலைகொள்வதில்லை. உறைபனி அவற்றை வளரவிடாமைக்கு ஒரு காரணம் என்பர் ஆய்வாளர். இயற்கை தன் எல்லையை அவ்வாறு வகுத்துக்கொண்டது. நாமோ வெப்ப நாட்டுச் செடியை மலையுச்சிக்கும், மலைச் செடியை அம்பத்தூர் மொட்டை மாடிக்கும் கொண்டுவந்து, ஒருசாண் தொட்டியில் அதன் வேரைக் கட்டிவைத்தோம். அதன்பிறகு குளிரோ வெயிலோ வந்தால், ‘பற்றற்றிருக்கிறேன்’ என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. கட்டியவன் நீர் மறுப்பது எவ்வாறு குற்றமோ, அவ்வாறே கட்டியவன் நிழல் மறுப்பதும், போர்வை மறுப்பதும். அது பற்றன்று, கடன்.

பற்றோடு செய்கிறோமா, கடனாகச் செய்கிறோமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பூக்கும் செடிக்கு மட்டும் துணியைப் போர்த்தி, பூத்து ஓய்ந்த செடியைப் பனியில் விட்டால் அது பற்று. விருந்தினர் பார்க்கும் முன்வாசல் தொட்டிகளைத் தாழ்வாரத்திற்கு மாற்றி, கொல்லைப்புறத்துத் தொட்டிகளை மறந்தால் அதுவும் பற்றே.

போர்த்துதல் எல்லாவிடத்தும் அருளாகாது என்பதற்கும் நம் நூல்களில் சான்று உள்ளது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சாமாயிகம் செய்யும் இல்லறத்தானை, யாரோ துணி போர்த்திவிட்ட முனிவருக்கு ஒப்பிடுகிறார். தியானத்திலிருக்கும் திகம்பர முனிவரின்மேல் துணியைப் போர்த்துதல் அவருக்கு இடையூறே தவிர உதவியாகாது. முனிவர் பொறுக்கும் இருபத்திரண்டு பரிஷகங்களுள் பசி, தாகம் ஆகியவற்றை அடுத்துக் குளிரும் வெப்பமும் எண்ணப்படுகின்றன. அவர் அதனை ஏற்றுக்கொண்டவர். செடி எந்த விரதத்தையும் ஏற்கவில்லை. விலகிச் செல்லக் காலும் அதற்கு இல்லை. ஒரே குளிர்தான், ஒருவருக்கு நோன்பு, மற்றொன்றுக்கு அழிவு. போர்வை எங்கே அருள், எங்கே இடையூறு என்பது பெறுபவரின் நிலையைப் பொறுத்தது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் அவனும் சிறுபாணாற்றுப்படையில் அடுத்தடுத்து வைத்துப் பேசப்படுகின்றனர். பேகன் ஆண்ட பொதினி இன்றைய பழனி. அம்மலைத் தொடரின் மேலுள்ள கொடைக்கானலில் இன்றும் தை மாதத்தில் உறைபனி விழுகிறது. ஆகவே அவனுக்குக் குளிரின் நினைவு வந்தது இயல்பே. மயில் போர்த்திக்கொள்ளாது, முல்லை தேரேறிப் போகாது என்று பள்ளிப்பிள்ளைகள் நகைப்பார்கள். பழமொழி நானூற்றை இயற்றிய சமணச் சான்றோரான முன்றுறை அரையனார் இவ்விரு கொடைகளையும் எடுத்துக்கொண்டு, அறியாமைபோல் தோன்றும் அதற்கு ‘அறிமடம்’ என்று பெயரிட்டுச் சான்றோர்க்கு அணியாகக் கருதினார். புலவரை நான் மறுக்கத் துணியவில்லை. ஆயினும் பாரியின் செயலைப் பேகனின் செயலினும் ஒருபடி மேலாக வைப்பேன். கொடிக்குக் கொழுகொம்பு தேவைதான். தேர் அளவில் மிகையாயினும் தேவை உண்மையானது. மயிலுக்கோ அதன் இறகே போர்வை.

மனிதர் நடுங்கும்போது செடிக்குத் துணியா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். உயிர்கள் அனைத்தும் ஒப்பென்று கூறும் நம் சமயம், பொறிகளின் எண்ணிக்கையால் ஊறின் அளவையும் வேறுபடுத்திக் கூறுகிறது. ஐயறிவுயிர்க்கு நேரும் துன்பம் முதலில் தீர்க்கப்பட வேண்டியது. விடியுமுன் பனியில் கால் வைத்துப் பாத்திகளின் மூடாக்கை நீக்கும் தோட்டப் பணியாளர்களின் கையில் உறையும் காலில் காலணியும் உள்ளனவா என்று மலர்க்காட்சியைக் கண்டு களிப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருப்போர், செடிக்குரிய சாக்கை எடுக்குமுன் அவருக்குரிய கம்பளியைக் கொடுத்தல் முறை. ஆனால் இவ்வினாவை எழுப்புவோர் பலர் இரண்டையும் செய்வதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். ஒன்றைச் செய்யாமைக்கு மற்றொன்றைக் காரணம் காட்டுதல் பள்ளிப் பிள்ளைகளிடமும் உண்டு. கணக்குப் பாடத்தை எழுதாதவன் தமிழ்ப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வான்.

விவசாயியின் நிலையைத் தனியாகக் கூற வேண்டும். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் நம் முன்னோர் வழிவழியாக உழவர்கள். ஆதிநாதர் உலகிற்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்றென்பது நம் மரபு. தொழிலின்கண் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையை நூல்கள் தனி வகையாக வைத்துள்ளன. தேயிலைச் சிறு விவசாயி தன் செடியைக் காக்கப் புல்லறுத்து மூடினால் அதனை நான் குறை கூற மாட்டேன். அவன் அடுப்பு அச்செடியை நம்பி எரிகிறது. காட்சிக்கு வைக்கும் மலருக்காகக் காட்டை வெட்டுவதை அதே தராசில் வைக்க முடியாது.

நம் பகுதிக்கு இவையெல்லாம் எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். பூவிருந்தவல்லியிலும் திருவேற்காட்டிலும் ஆவடியிலும் நமக்குப் பனியின் இடத்தில் நிற்பது கத்திரி வெயில். 2003 மே 31 அன்று சென்னையில் 45 பாகை வெயில் பதிவாயிற்று. மொட்டை மாடியின் தளம் பகலெல்லாம் காய்ந்து, தொட்டியின் மண்ணை அடியிலிருந்தே வேகவைக்கும். மேலே சொன்ன உற்றறிவின் மறுமுனை இது. தென்னங்கீற்று வேய்ந்த சிறு பந்தல், தொட்டியின் அடியில் இரண்டு செங்கல், மண்ணின்மேல் சருகு மூடாக்கு, காலையிலும் மாலையிலும் அரிசி களைந்த நீர். இதற்குமேல் ஒன்றும் வேண்டுவதில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாலுக்கும் செய்தித்தாளுக்கும் சொல்லிவிட்டுப் போகின்றனர். பத்து நாள் தொட்டிகளுக்கு யார் நீர் ஊற்றுவார் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் சிலரே. நடுங்காலம் வருமுன் நடுவதிலும் கருத்து வேண்டும். 2016 டிசம்பர் 12 இல் வர்தா புயல் வீசியபோது நம் புறநகர்த் தெருக்களில் எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்தன என்பதைக் கண்ணாரக் கண்டோம். விரைந்து நிழல் தரும் என்று நடப்பெற்ற அயல் மரங்கள் பல அவற்றுள் இருந்தன. வேர் பரப்ப இடம் விடாமல் அடிமரம் வரை சிமெண்டு பூசியது யார்? மரத்தைக் கட்டியவர் நாமே.

உறைபனிக்குத் தப்பாத செடியைப் பற்றி ஒன்று கூறி முடிக்கிறேன். நீலகிரியிலுள்ள நம் அன்பர்களுக்கு இது பயன்படும். இலையெல்லாம் கறுத்துத் துவண்ட செடியைக் கண்டவுடன் செத்ததென்று பிடுங்கி எறிகின்றனர். அல்லது கருகிய கிளைகளை அன்றே கத்தரிக்கின்றனர். இரண்டும் வேண்டா. கருகிய மேல்தழை, அடுத்து வரும் பனி இரவுகளில் கீழுள்ள தண்டுக்கு ஓரளவு மூடாக்காக நிற்கும். வெட்டினால், வெட்டிய இடத்தில் கிளம்பும் இளந்துளிர் அடுத்த பனிக்கு இரையாகும். தண்டை நகத்தால் கீறிப் பச்சை உள்ளதா என்று பார்க்கச் சொல்வர். அந்தக் கீறலும் தேவையில்லை. மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறும்வரை பொறுத்திருந்து, வேரடியில் மட்டும் அளவாக நீர் ஊற்றி வந்தால், உயிர் எஞ்சியிருப்பது எந்தக் கணு வரை என்பதைச் செடியே துளிர்த்துக் காட்டும். அதற்குப் பிறகு, காய்ந்துபோன பகுதியை மட்டும் கத்தரித்துக்கொள்ளலாம்.